ஆர்எஸ்எஸ் ஓடை படிக்க எந்தத் திரட்டி? போன், லேப்டாப் ரெண்டுலயும் வேணுமுங்க

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. தினமும் பார்க்க வேண்டிய தளம் நாற்பது இருக்குது. தமிழ் வலைப்பதிவு ஒரு பதினஞ்சு, கோயமுத்தூர்ப் பக்கத்துச் செய்தி, ரிசர்வ் வங்கி அறிவிப்பு, ஜவுளி அமைச்சகச் செய்தி, பத்துப் பன்னெண்டு யூடியூப் சேனல். ஒவ்வொண்ணாத் திறந்து பார்க்கறதுக்கு ஆர்எஸ்எஸ் ஓடையா (தளத்துல புதுசா வர்றதைத் தானா எடுத்துக் கொடுக்கற வசதி) திரட்டிங்கற ஆப்புல சேர்த்து ஒரே இடத்துல படிச்சுக்கலாமுன்னு தெரியும். எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலீங்க. கேள்வி மூணு.

கையில ஆண்ட்ராய்டு போன், ஆபீஸ்ல விண்டோஸ் லேப்டாப். போன்ல படிச்சு முடிச்சது லேப்டாப்புல மறுபடி புதுசாக் காட்டக்கூடாது. காசு கட்டாம இது முடியுமுங்களா?

பாதித் தளத்துல ஆர்எஸ்எஸ்ஸுக்குன்னு இருக்கற அந்த ஆரஞ்சு ஐக்கானே இல்லை. ஓடை இருக்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஈரோட்டு மஞ்சள் விலை, நூல் விலை இதையும் இப்படி வர வெச்சுக்க முடியுமா?

கூகுள்ல ஆர்எஸ்எஸ்னு தமிழ்ல போட்டா நாக்பூர் செய்தியாத்தான் கொட்டுதுங்க. அதனாலதான் இங்க கேக்கறேன்.

கீழ்பவானி (கோபி)

ஆர்எஸ்எஸ் கூட 'ஃபீட்'னு ஒரு வார்த்தை சேர்த்துத் தேடுங்க, நாக்பூர் போயிரும். பழைய தமிழ்ப் பதிவர்கள் 'செய்தியோடை', 'திரட்டி'ன்னுதான் எழுதுவாங்க. அந்த வார்த்தையில தேடினாலும் நல்ல பக்கங்கள் சிக்கும்.

ஆப் பேரு அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஒண்ணு முடிவு பண்ணுங்க: ஓடையைப் போய் எடுத்துட்டு வர்ற வேலையை உங்க போன் செய்யறதா, வேற எங்கயோ இருக்கற சர்வர் செய்யறதா?

ஏன் கேக்கறேன்னா, ஓடைங்கறது அந்தத் தளத்துல கிடக்கற ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு (மெஷின் படிக்கறதுக்குன்னு எழுதின பட்டியல்), அவ்வளவுதான். கடைசியாப் போட்ட சில பதிவுகள் மட்டும் அதுல இருக்கும். வேர்ட்பிரஸ் தளமா இருந்தா, உரிமையாளர் மாத்தாத வரைக்கும் 10 பதிவு. ப்ளாகர்ல 25. யூடியூப்ல 15. புதுசு ஒண்ணு மேல வந்தா அடியில ஒண்ணு விழுந்துரும். வாய்க்கால்ல முறைத் தண்ணி வர்ற மாதிரிங்க இது. நம்ம முறையில மடையைத் திறக்கலீன்னா தண்ணி அடுத்த காட்டுக்குப் போயிரும், திரும்ப வராது. மாசம் ரெண்டு பதிவு போடற வலைப்பதிவுக்கு இதனால ஒரு நட்டமும் இல்லை. நாளைக்கு ஐம்பது அறுபது போடற செய்தித் தளத்துக்கு, ராத்திரி போனை அணைச்சு வெச்சீங்கன்னா காலையில பாதி காணாமப் போயிருக்கும். சர்வர் எடுத்தா போன் அணைஞ்சிருந்தாலும் சேர்ந்துட்டே இருக்கும்.

படிச்சது, படிக்காதது கணக்கும் அப்படித்தான். அந்தக் கணக்கு சர்வர்ல இருந்தாத்தான் ரெண்டு கருவிக்கும் ஒண்ணா இருக்கும். உங்க தேவைக்குச் சர்வர் வகைதான் ஒத்து வரும்.

இலவசக் கணக்குல இனோரீடர் 150 ஓடை வரைக்கும் விடறாங்க, ஃபீட்லி 100, நியூஸ்பிளர் 64. இந்த எல்லையெல்லாம் அவங்க அப்பப்ப மாத்தற சமாச்சாரம், சேரும்போது ஒருதடவை பார்த்துக்கங்க. நாற்பதுக்கு எதுவுமே போதும். நான் இனோரீடர்னு சொல்லுவேன். ஓடையை ஃபோல்டர் பிரிக்கறது சுலபம், ஆண்ட்ராய்டு ஆப்பும் இருக்குது, லேப்டாப்புல பிரவுசர்லயே படிச்சுக்கலாம். இலவசத்துல விளம்பரம் வரும். இன்னொரு குறை, சந்தாதாரர் கம்மியா இருக்கற ஓடையை இந்தச் சர்வருக அடிக்கடி எட்டிப் பார்க்காது. சின்னத் தமிழ்ப் பதிவு ஒண்ணு வந்து சில மணி நேரம் கழிச்சுத்தான் காட்டும். பதிவு படிக்கறதுக்கு இது ஒரு குறையே இல்லை.

போன் மட்டும் போதும்ங்கறவங்களுக்கு ஃபீடர்னு ஒரு ஆப். திறந்த மூலம், விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், எஃப்-டிராய்ட்ங்கற திறந்த மூல ஆப் கடையிலயும் கிடைக்கும். லேப்டாப் மட்டும்னா தண்டர்பேர்ட் மெயில்லயே ஓடை படிக்கற வசதி இருக்குது. ஐபோன், மேக் வெச்சிருக்கறவங்க வேற எதையும் தேடாம நெட்நியூஸ்வயர் போட்டுக்கலாம், காசில்லை.

எதை எடுத்தாலும் ஒரு காரியம் மட்டும் மறக்காதீங்க. செட்டிங்ஸ்ல ஓபிஎம்எல் ஏற்றுமதின்னு இருக்கும். உங்க ஓடைப் பட்டியல் முழுசும் ஒரு சின்னக் கோப்பா வந்துரும். மாசம் ஒருக்கா எடுத்து வெச்சுக்கங்க. கூகுளோட திரட்டியா இருந்த கூகுள் ரீடரை 2013 ஜூலை 1ல மூடினப்ப, பட்டியலை எடுத்து வெச்சவங்க அடுத்த திரட்டிக்கு அஞ்சு நிமிசத்துல மாறிட்டாங்க.

சிறுவாணிச்சாரல் (கோவை)

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே இணைப்புப் போட்டால் வடிகட்டி பதிவையே தூக்கிவிடும் என்பதால் முகவரிகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஐக்கான் இல்லாததை வைத்து ஓடை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஃபயர்பாக்ஸ் 2018 டிசம்பரில் ஓடை வசதியை எடுத்துவிட்ட பிறகு, தள வடிவமைப்பாளர்கள் பலர் ஐக்கானைக் கழற்றிவிட்டார்கள். ஓடை பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முதலில் தளத்தின் முகப்பு முகவரியை அப்படியே திரட்டியின் தேடுபெட்டியில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும். கிடைக்காவிட்டால்தான் கீழே சொல்வதெல்லாம்.

வேர்ட்பிரஸ் தளமானால் முகவரிக்குப் பின் சாய்கோடு, 'ஃபீட்'. ப்ளாகர் ஆனால் சாய்கோடு, 'ஃபீட்ஸ்', சாய்கோடு, 'போஸ்ட்ஸ்', சாய்கோடு, 'டிஃபால்ட்'. வேர்ட்பிரஸில் ஒருமை, ப்ளாகரில் பன்மை. இதை மாற்றிப் போட்டுவிட்டு ஓடையே இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சப்ஸ்டாக்கிலும் வெறும் 'ஃபீட்'தான்.

ஒரு வலைப்பதிவில் ஒரு தலைப்பு மட்டும் போதும் என்றால் அதற்கும் தனி ஓடை உண்டு. வேர்ட்பிரஸில் அந்தக் குறிச்சொல் பக்கத்தைத் திறந்து, அதன் முகவரிக்குப் பின்னால் 'ஃபீட்' சேருங்கள். தமிழ்க் குறிச்சொல்லைக் கையால் தட்டாதீர்கள், முகவரிப் பட்டையிலிருந்து நகல் எடுங்கள். காரணம் இருக்கிறது. முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக விரிகிறது. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதியை 200 எழுத்தோடு வெட்டிவிடும். ஆக, புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாக எண்ணப்பட்டு, 22 குறிக்கு மேல் நிற்காது. நீளமான தமிழ்ச் சொற்றொடரைக் குறிச்சொல்லாக வைத்தவர்களின் முகவரி பாதியில் அறுந்துதான் இருக்கும். நீங்கள் முழுச் சொல்லையும் தட்டினால் 'பக்கம் இல்லை' என்ற 404 பிழை வரும்.

எதிலும் சிக்காத தளத்துக்கு: லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், யூ அழுத்துங்கள். மூலநிரல் வரும். அதில் 'ஆல்டர்நேட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். 'ஆர்எஸ்எஸ்' அல்லது 'ஆட்டம்' என்ற சொல்லோடு ஒரு வரி இருந்தால், அதே வரியில் உள்ள முகவரிதான் ஓடை. ஆர்எஸ்எஸ், ஆட்டம் இரண்டில் எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாத் திரட்டியும் இரண்டையும் படிக்கும்.

நீங்கள் கேட்டவற்றில் உறுதியாக ஓடை உள்ளவை: ரிசர்வ் வங்கி தன் தளத்தில் பத்திரிகைக் குறிப்புக்கும் சுற்றறிக்கைக்கும் தனித்தனி ஓடை தருகிறது; இரண்டையும் சேர்க்காதீர்கள், உங்களுக்கு எது வேண்டுமோ அது மட்டும். ஜவுளி அமைச்சகச் செய்திக்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் ஓடை. பிபிசி தமிழுக்கு ஓடை இருக்கிறது. தி இந்து ஆங்கிலத் தளத்தில் கோவைப் பகுதிக்கே தனி ஓடை உண்டு: கோவைப் பக்கத்தின் முகவரிக்குப் பின் 'ஃபீடர்', சாய்கோடு, 'டிஃபால்ட்' புள்ளி 'ஆர்எஸ்எஸ்'.

யூடியூப்பில் சேனல் முகவரியை ஒட்டினாலே இனோரீடரும் ஃபீட்லியும் எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் சேனல் அறிமுகப் பகுதியில் பகிர்வதற்கான பொத்தானுக்குள் சேனல் ஐடியை நகலெடுக்கும் வசதி இருக்கிறது. 'யூசி' என்று தொடங்கும் நீளமான குறியீடு அது. யூடியூப் தளத்தில் 'ஃபீட்ஸ்', சாய்கோடு, 'வீடியோஸ்' புள்ளி 'எக்ஸ்எம்எல்', கேள்விக்குறி, 'சேனல்_ஐடி', சமக்குறி, பிறகு அந்தக் குறியீடு.

வாட்ஸ்அப் சேனல், ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம் மூன்றுக்கும் ஓடை கிடையாது. மாற்றித் தருவதாகச் சொல்லும் இடைத்தளங்கள் அடிக்கடி உடையும். அவற்றை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

கீழ்பவானி (கோபி)

மூணாவது கேள்வியை யாரும் தொடலீங்களே. விலைக்கு ஆர்எஸ்எஸ் ஆகாதுங்க. ஓடையில ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு அடையாள எண் இருக்கும். புது எண் வந்தாத்தான் திரட்டி 'புதுசு'ன்னு காட்டும். விலைப்பட்டியல் அப்படி இல்லை, அதே பக்கத்துல அதே கட்டத்துல எண்ணு மட்டும் மாறும். அதுக்கு வேணுங்கறது பக்க மாற்றத்தைக் கண்காணிக்கற கருவி. அது வேற ஜாதி, இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

விலை பத்தின செய்தி வேணுமுன்னா ஒரு வழி இருக்குது. கூகுள் நியூஸ்ல 'ஈரோடு மஞ்சள் ஏலம்'னு தமிழ்ல தேடுங்க. முகவரியில 'சர்ச்'ங்கற வார்த்தைக்கு முன்னாடி 'ஆர்எஸ்எஸ்' போட்டு ஒரு சாய்கோடு சேருங்க, தேடலே ஓடையாயிரும். தலைப்பு மட்டுந்தான் வரும், உள்ளடக்கம் வராது. இணைப்பும் கூகுள் வழியா சுத்திட்டுத்தான் போகும், அதனால திரட்டியில முழுக் கட்டுரையை இழுக்கற வசதி இதுல வேலை செய்யாது.

நொய்யல்கரை (திருப்பூர்)

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இனோரீடர்ல முப்பத்தாறு ஏறிருச்சு. போன்ல மட்டும் படிக்கறதுக்கு ஒரு பத்துப் பதிவை ஃபீடர்லயும் போட்டு வெச்சேன். நாலு சிக்கலுங்க:

ஒரு வலைப்பதிவு ஓடை பிரவுசர்ல 'எக்ஸ்எம்எல் அறிவிப்பு தொடக்கத்தில் இல்லை'ங்கற மாதிரி ஒரு பிழை சொல்லுது. இன்னொண்ணுல தமிழே வரலை, கொக்கியும் வாலும் போட்ட இங்கிலீஷ் எழுத்தா வருது. ஃபீடர் போன்ல நானாத் திறந்தாத்தான் புதுசு காட்டுது. நேத்து ஒரு தளத்துல பழைய பதிவு இருபத்தஞ்சும் புதுசுன்னு ஒரே அடியா வந்து நிக்குது.

சிறுவாணிச்சாரல் (கோவை)

முதலாவது உங்கள் பக்கத்துப் பிழை இல்லை. எக்ஸ்எம்எல் கோப்பின் முதல் வரியின் முதல் எழுத்திலேயே அறிவிப்பு தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலும் படிப்பான் மறுத்துவிடும். வேர்ட்பிரஸில் கருவார்ப்புருவின் (தீம்) 'ஃபங்ஷன்ஸ்' கோப்பைத் திருத்தும்போது தலையிலோ வாலிலோ தெரியாமல் ஒரு என்டர் விழுந்திருக்கும். தொண்ணூறு விழுக்காடு அதுதான். பதிவருக்கு எழுதுங்கள். எழுதும்போது டபிள்யூ3சி ஓடைச் சரிபார்ப்புப் பக்கத்தில் அவர் முகவரியைப் போட்டு, அது காட்டும் வரி எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். 'உங்க ஓடை வரலை' என்று மட்டும் எழுதினால் அவர் தன் போனில் தளத்தைத் திறந்து பார்த்து 'எனக்கு வருதே' என்பார்.

இரண்டாவது, குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கோப்பில் எண்களாகச் சேமிக்கும் முறை. கோப்பு யூடிஎஃப்-8ல் இருக்கிறது, ஆனால் சர்வர் அதை லத்தீன் என்று சொல்லி அனுப்புகிறது. சில திரட்டிகள் சர்வர் பேச்சை நம்பும், சில கோப்பின் உள்ளே எழுதியிருப்பதை நம்பும். அதனால் ஒரு திரட்டியில் கெட்டுத் தெரிவது இன்னொன்றில் சரியாக வரலாம், மாற்றிப் பாருங்கள். வெறும் கட்டம் கட்டமாக வந்தால் அது வேறு. எழுத்துரு இல்லை என்று பொருள். யூனிகோடுக்கு முந்திய பாமினி மாதிரி எழுத்துருவில் எழுதிய பழைய தளமாக இருந்தால் எந்தத் திரட்டியாலும் முடியாது, விட்டுவிடுங்கள்.

நான்காவது: அந்தத் தளம் முகவரி மாறியிருக்கும், அல்லது எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போயிருக்கும். கீழ்பவானி சொன்ன அடையாள எண்ணைப் பல தளங்கள் பதிவின் முகவரியிலிருந்தே உண்டாக்குகின்றன. முகவரி மாறினால் எண்ணும் மாறும், திரட்டிக்கு எல்லாமே புதுப்பிள்ளை. அனைத்தையும் படித்ததாகக் குறித்துவிட்டு, பழைய ஓடையை நீக்கிப் புது முகவரியில் சேருங்கள். பழையதை வைத்திருந்தால் ஒவ்வொரு பதிவும் இரண்டு தடவை வரும்.

ப்ளாகர் பதிவுகளில் இன்னொன்றும் நடக்கும். பதிவர் எப்போதோ ஓடையை ஃபீட்பர்னர் என்ற கூகுளின் ஓடைச் சேவைக்குத் திருப்பிவிட்டு மறந்திருப்பார். அந்தப் பக்கம் கணக்கு செத்திருக்கும். ஓடை முகவரியின் முடிவில் கேள்விக்குறி, 'ரீடைரக்ட்', சமக்குறி, 'ஃபால்ஸ்' என்று சேர்த்தால் நேராக ப்ளாகரிடமிருந்தே வரும்.

கீழ்பவானி (கோபி)

மூணாவது, பேட்டரி. போன் கம்பெனிக்காரங்க பேட்டரி மிச்சம் பண்றதுக்குப் பின்னணியில ஓடறதைக் கழுத்தைப் புடிச்சு நிறுத்திருவாங்க. செட்டிங்ஸ், ஆப்ஸ், ஃபீடர், பேட்டரி போய்க் கட்டுப்பாடில்லைங்கறதைத் தேர்ந்தெடுங்க. ஷாவ்மி மாதிரி போன்ல ஆட்டோஸ்டார்ட்டுன்னு தனியா ஒண்ணு இருக்கும், அதையும் ஆன் பண்ணணும். ஒண்ணை மட்டும் பண்ணினா வேலை நடக்காது. அப்புறம் ஃபீடர் உள்ள 'சார்ஜ் ஏறும்போது மட்டும்', 'வைஃபையில மட்டும்'னு ரெண்டு தேர்வு இருக்குது. ரெண்டும் ஆன்ல இருந்தா ராத்திரி சார்ஜ் போட்டப்பத்தான் எடுக்கும்.

எடுக்கற இடைவெளியை ஒரு மணி நேரமா வைங்க. பதினஞ்சு நிமிசத்துக்குக் கீழ ஆண்ட்ராய்டே விடாது. சும்மா சும்மாத் தட்டினா சில தளம் 'அளவுக்கு மீறிக் கேக்கறீங்க'ங்கற 429 பிழையைச் சொல்லிக் கதவைச் சாத்திரும். தலைப்பு மட்டும் வந்து 'மேலும் படிக்க'ன்னு நிக்கற ஓடைக்கு, அந்த ஓடையைத் திருத்தற பக்கத்துல முழுக் கட்டுரையை எடுக்கற தேர்வு இருக்குது. அதை எல்லா ஓடைக்கும் போட வேண்டாம், டேட்டா கரையும்.

காங்கேயங்காளை (தாராபுரம்)

இத்தனை பேசியும், நம்ம சொந்த மெஷின்லயே சர்வரா ஓட்டற ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் திரட்டி பேரை யாரும் சொல்லலியே. சொந்தமா வெச்சுக்கிட்டா 150, 100ங்கற எல்லையும் இல்லை, விளம்பரமும் இல்லை. பழைய லேப்டாப் ஒண்ணு, இல்லாட்டி ராஸ்ப்பெரி பைங்கற கையளவுக் கம்ப்யூட்டர் போதும். டாக்கர்ல (நிரலைப் பொட்டலமா வெச்சு ஓட்டற மென்பொருள்) போட்டு 'கிரான்_மின்'ங்கற மாறிக்கு 13,43ன்னு கொடுத்தா மணிக்கு ரெண்டு தடவை எடுத்துரும். அதைக் கொடுக்க மறந்தா எதுவுமே தானா வராது, புதுசா வெக்கறவங்க முழிக்கறது அங்கதான். போன்ல படிக்க ரீட் யூ இல்லாட்டி கேப்பி ரீடர் ஆப். அதுக்கு முன்னால ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ல ஏபிஐ (வேற ஆப் உள்ள வர்ற வழி) அனுமதியை ஆன் பண்ணி, சுயவிவரப் பக்கத்துல ஏபிஐக்குன்னு தனிக் கடவுச்சொல் வைக்கணும். உள்ள நுழையற கடவுச்சொல்லைப் போட்டா ஆப் ஏத்துக்காது.

கீழ்பவானி (கோபி)

தப்பில்லீங்க காளை, ஆனா கேட்டவருக்கு நாற்பது ஓடை. அதுக்கு ஒரு சர்வரா? நம்ம ஊர் பிராட்பேண்ட் பலதுல பொது ஐபி முகவரி கொடுக்கறதில்லை, வெளிய இருந்து வீட்டு மெஷினைப் புடிக்க டெயில்ஸ்கேல் மாதிரி தனி வலையமைப்பு மென்பொருள் ஒண்ணு வைக்கணும். கரண்ட் போய்ப் போய் வந்தா ராஸ்ப்பெரி பையில இருக்கற எஸ்டி கார்டு ஒருநாள் வாயைப் பொளக்கும். எஸ்எஸ்டியும் யுபிஎஸ்ஸும் வாங்கணும். இருநூறு ஓடை தாண்டினப்புறம் பேசலாம்.

காங்கேயங்காளை (தாராபுரம்)

எஸ்டி கார்டு விசயம் நியாயந்தானுங்க. ஆனா சொந்தமா வெச்சதுல ஒரு லாபம் சொல்றேன். சில தளம் கிளவுட்ஃபிளேர்ங்கற காவல் சேவையைப் போட்டு, பெரிய திரட்டிகளோட சர்வரை ரோபோன்னு நினைச்சு 'அனுமதி இல்லை'ங்கற 403 பிழை கொடுத்துரும். வீட்டு இணைப்புல இருந்து போனா அதே தளம் பல சமயம் விட்டுரும். இனோரீடர்ல ஏறாத அந்த நாலு தளத்தை ஃபீடர்ல போட்டுப் பாருங்க. அதுவும் உங்க போன்ல இருந்து நேராத்தான் போகுது.

நொய்யல்கரை (திருப்பூர்)

நாலுல மூணு ஃபீடர்ல வந்துருச்சுங்க! பேட்டரியும் சரி பண்ணியாச்சு. ஓபிஎம்எல் எடுத்தும் வெச்சாச்சு, எங்க அண்ணனுக்கும் அந்தக் கோப்பை அனுப்பலாமுன்னு இருக்கறேன். கடைசியா ஒண்ணு: யூடியூப் ஓடையில ஷார்ட்ஸா வந்து குவியுதே, அதை நிறுத்த வழி இருக்குங்களா?

சிறுவாணிச்சாரல் (கோவை)

அண்ணனுக்கு அனுப்பும் முன் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து ஒருமுறை பாருங்கள். காசு கட்டிய சந்தா ஓடை ஏதாவது இருந்தால் உங்கள் ரகசியக் குறியீடு அந்த முகவரிக்குள்ளேயே இருக்கும். அந்த வரியை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

ஷார்ட்ஸுக்கு: ஓடை முகவரியில் 'சேனல்_ஐடி' என்று இருப்பதை 'பிளேலிஸ்ட்_ஐடி' என்று மாற்றுங்கள். குறியீட்டின் தொடக்கத்தில் உள்ள 'யூசி' என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு 'யூயூஎல்எஃப்' என்ற நான்கு பெரிய எழுத்தைப் போடுங்கள். மீதிக் குறியீட்டில் கை வைக்க வேண்டாம். சிறிய எழுத்து பெரிய எழுத்து மாறினாலும் வராது. முழுநீள வீடியோ மட்டும் வரும், நேரலைகளும் போய்விடும். யூடியூப் இதை எங்கும் எழுதி வைக்கவில்லை, என்றைக்கு வேண்டுமானாலும் நிற்கலாம். அதனால் பழைய சேனல் ஐடியையும் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.